வலம் 98, இடம் 82: ஒரு கிட் காருக்கு ஸ்டியரிங் ஜாயிண்ட் தேர்ந்தெடுத்த கதை

சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் ஒரு மரச்சாமான் பட்டறையின் பின்முற்றம். லாரிகள் வராத ஞாயிற்றுக்கிழமைக் காலை. என் தங்கை மகன் இரண்டு ஆண்டாகக் கட்டிய கார் அன்றுதான் முதன்முதலாகத் தன் இன்ஜினில் நகர்ந்தது. நடை வேகத்தில் வலப்பக்கமாக ஒரு வட்டம் போட்டான். வண்டி இணக்கமாகத் திரும்பியது. அடுத்து இடப்பக்கமாக வட்டம் போட முயன்றான். பாதி வட்டத்திலேயே பலகை அடுக்கின் பக்கத்தில் போய், பிரேக்கை மிதித்து நின்றுவிட்டான்.

“மாமா, வலதுக்கு அள்ளிக்கொண்டு போகிறது. இடதுக்கு அதே அளவு ஒடித்தாலும் வர மாட்டேன் என்கிறது. அலைன்மென்ட் கோளாறாகத்தான் இருக்கும்” என்றான்.

முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கை மெல்லச் சுற்றிப் பார்த்தேன். கையில் ஓர் அலை தெரிந்தது. கொஞ்சம் கனம், கொஞ்சம் இளக்கம், மறுபடி கனம், மறுபடி இளக்கம். முழுச் சுற்று ஒன்றுக்குச் சரியாக இரண்டு தடவை. சக்கரம் தரையைத் தொடாதபோதும் அலை இருக்கிறது என்றால் அலைன்மென்ட்டுக்கு அதில் பங்கில்லை. சுற்றுக்கு இரண்டு அலை வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் யுனிவர்சல் ஜாயிண்ட், அதாவது சாய்வாகச் சந்திக்கும் இரண்டு தண்டுகளை இணைத்துச் சேர்ந்து சுழலவைக்கும் மூட்டு.

நான் கப்பல் பட்டறையில் வால்வு பொருத்தும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். கப்பலின் மேல்தளத்தில் நின்றபடி அடித்தொட்டியின் வால்வைத் திருப்புவதற்கு நீண்ட தண்டுகளை இறக்கி, வளைவு வரும் இடத்திலெல்லாம் யுனிவர்சல் ஜாயிண்ட் போடுவோம். அங்கேயும் இந்த அலை உண்டு. வால்வு திறந்து மூடினால் போதும் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. காரில் அந்த அலை நேராக ஓட்டுபவர் கைக்கு வருகிறது. அதனால்தான் இந்த வேலையைக் கணக்கெழுதி வைத்தேன். வீட்டில் கார் கட்டுகிற வேறு யாருக்காவது பயன்படும் என்று நம்புகிறேன்.

வண்டி வந்த வழி

இந்த வகை வண்டிகளுக்கு மூலம் 1957இல் வந்த லோட்டஸ் செவன். அந்நாளில் பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு; பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்த வரி கிடையாது. அப்படித்தான் கிட் கார் என்ற வழக்கம் அங்கே வேரூன்றியது. 1973இல் மதிப்புக்கூட்டு வரி வந்தபோது அந்தச் சலுகை போய்விட்டது. கையால் கட்டுகிற ஆசை மட்டும் போகவில்லை. எங்கள் வண்டியும் அதே குடும்பம்தான்: இரும்புக் குழாய்ச் சட்டம், முன்னால் இன்ஜின், பின்னால் உந்துசக்கரம், கூரை இல்லை.

சிங்கப்பூரில் ஒரு வண்டியைச் சாலையில் ஓட்ட வேண்டுமானால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலும் சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழும் வேண்டும். இந்தக் காரைச் சாலைக்குக் கொண்டுவரும் எண்ணம் எங்களுக்குத் தொடக்கத்திலிருந்தே இல்லை. வேலியிட்ட தனியார் இடத்திற்குள் மட்டும் ஓடும் வண்டி இது. அதற்காக ஸ்டியரிங்கில் ஒரு மயிரிழை குறையலாம் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. மணிக்கு முப்பது கிலோமீட்டரில் ஸ்டியரிங் கழன்றாலும் சுவர் சுவர்தான்.

கிட்டின் மூல வரைபடத்தில் ஸ்டியரிங் தண்டு கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் ரேக்குக்கு, அதாவது முன்சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டத்துக்குப் போகிறது. இடையில் இரண்டு ஜாயிண்ட், இரண்டிலும் சிறு வளைவு. மருமகன் வேறொரு ஜப்பானிய இன்ஜினைப் போட்டான். நல்ல இன்ஜின்தான். ஆனால் அதன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது இன்ஜின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுப்பு, வலப்பக்கம், தண்டு போக வேண்டிய அதே இடத்தில் நான்கு குழாய்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்தது. தண்டு மேனிஃபோல்டைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒதுங்கி, பிறகு உள்ளே வந்து ரேக்கின் பினியனை, அதாவது ரேக்கை நகர்த்தும் சிறு பற்சக்கரத்தின் தண்டைப் பிடிக்க வேண்டியதாயிற்று. அவன் இரண்டு ஜாயிண்ட்டும் டபுள்-டி இடைத்தண்டும் வாங்கிப் பூட்டிவிட்டான். டபுள்-டி என்பது உருண்டைத் தண்டின் இரண்டு எதிர்ப்பக்கங்களைத் தட்டையாகச் சீவிய வடிவம். அட்டவணையில் அந்த ஜாயிண்ட் 35 பாகை வரை தாங்கும் என்று போட்டிருந்தது. அவனுடைய மேல் ஜாயிண்ட் 32 பாகையில் நின்றது, கீழ் ஜாயிண்ட் 18 பாகையில். அட்டவணைப்படி எல்லாம் சரி. குறை அட்டவணையில் இல்லாத இடத்தில் இருந்தது.

அளந்து பார்த்தது

தடித்த அட்டையில் இரண்டு வட்டங்கள் வெட்டி, 360 பாகையையும் குறித்தோம். ஒன்றை ஸ்டியரிங் வீலின் நடுவில் ஒட்டினோம். மற்றொன்றைக் கீழ் ஜாயிண்ட்டின் பினியன் பக்கத்துக் கவையில் ஒட்டினோம். ஜாயிண்ட்டில் இரண்டு பக்கமும் இரு காதுகளோடு பிளந்து நிற்கும் பாகத்தைத்தான் கவை என்கிறேன். ஆங்கிலத்தில் யோக் என்பார்கள். இரண்டு வட்டங்களுக்கும் வெல்டிங் கம்பியை வளைத்து முள் வைத்தோம். சக்கரம் நேராக நிற்கும்போது இரண்டு முள்ளும் பூச்சியத்தில்.

அவன் மேலே திருப்பினான், நான் கீழே படுத்துக்கொண்டு படித்தேன். வலப்பக்கம் 45 பாகை திருப்பினால் பினியன் 51 திரும்பியது. 90 திருப்பினால் 98. அரைச் சுற்றில் 180க்கு 180, வித்தியாசமே இல்லை. இடப்பக்கம் 45 திருப்பினால் 43தான் வந்தது. 90 திருப்பினால் 82. மறுபடி அரைச் சுற்றில் சரியாகிவிட்டது.

ஆக, கால் சுற்றுக்கு வலப்பக்கம் 98, இடப்பக்கம் 82. பதினாறு பாகை வேறுபாடு. கார் இடதுக்கு வர மறுத்ததற்குக் காரணம் தாளில் வந்துவிட்டது. மருமகன் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “இத்தனை நாள் நான் டை ராடைத் திருகிக்கொண்டிருந்தேன் மாமா” என்றான். அலைன்மென்ட்டைச் சரிசெய்யத் திருகும் கம்பி அது.

தாம்பாளக் கணக்கு

ஒரு தாம்பாளத்தின் விளிம்பில் சம இடைவெளியில் குங்குமப் பொட்டு வைத்து, தாம்பாளத்தைச் சாய்த்துப் பாருங்கள். வட்டம் முட்டை வடிவமாகத் தெரியும். பொட்டுகள் சில இடங்களில் நெருங்கியும் சில இடங்களில் விலகியும் தெரியும். பொட்டுகளின் உண்மையான இடைவெளி மாறவில்லை, பார்க்கும் தளம் சாய்ந்திருக்கிறது. யுனிவர்சல் ஜாயிண்ட்டில் நடப்பதும் இதுதான். ஒரு தண்டு சுற்றும் வட்டத்தை மற்றத் தண்டு சாய்வாகப் பார்க்கிறது. உள்ளே போகும் சுழற்சி ஒரே சீராக இருந்தாலும் வெளியே வரும் சுழற்சி சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். ராபர்ட் ஹூக் 17ஆம் நூற்றாண்டில் இந்த இணைப்பை ஆராய்ந்ததால் ஆங்கிலத்தில் இதற்கு அவர் பெயரும் உண்டு. ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளில் இத்தாலியர் கார்டானோவின் பெயரால் கார்டன் ஜாயிண்ட் என்பார்கள்.

எவ்வளவு முந்தும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. வளைவுக் கோணத்தின் கோசைன்தான் மிகக் குறைந்த வேக விகிதம்; ஒன்றை அந்தக் கோசைனால் வகுத்தால் மிக உயர்ந்த விகிதம். 10 பாகையில் 0.985 முதல் 1.015 வரை, கைக்குத் தெரியாது. 20 பாகையில் 0.94 முதல் 1.064. 32 பாகையில் 0.848 முதல் 1.179. கோணம் இரட்டித்தால் அலை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். ஜாயிண்ட் 35 பாகையைத் தாங்கும் என்று அட்டவணை சொல்வது, அது உடையாமல், முட்டாமல் சுற்றும் என்பதற்குத்தான் உறுதி. சீராகச் சுற்றும் என்று அது சொல்லவில்லை.

இரண்டாவது ஜாயிண்ட் இருப்பதன் பெரிய பயன் இங்கேதான். முதல் ஜாயிண்ட் முந்தும் நேரத்தில் இரண்டாவது பிந்தும்படி வைத்தால், ஒன்றின் குறையை மற்றது தின்றுவிடும். அதற்கு இரண்டு நிபந்தனைகள். இரண்டு வளைவுக் கோணங்களும் சமமாக, அல்லது கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். இடைத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒத்த நிலையில் நிற்க வேண்டும். மூன்று தண்டுகளும் ஒரே தளத்தில் படுத்திருந்தால் ஒத்த நிலை என்பது எளிது: இரண்டு கவைகளின் காதுகளும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் போதும். கையேடுகளில் வரும் படங்கள் பெரும்பாலும் இந்த ஒரு நிலையை மட்டுமே காட்டுகின்றன. மருமகன் அதைப் பார்த்துத்தான் பூட்டினான். காதுகள் அவன் வண்டியில் அழகாக ஒரே கோட்டில்தான் இருந்தன.

ஆனால் எங்கள் தண்டுகள் ஒரே தளத்தில் இல்லை. ஸ்டியரிங் தண்டும் இடைத்தண்டும் சேர்ந்து ஒரு தளம். இடைத்தண்டும் பினியனும் சேர்ந்து இன்னொரு தளம். மேனிஃபோல்டைச் சுற்றி ஒதுங்கியதில் இரண்டு தளங்களும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டன. எவ்வளவு முறுக்கு என்று கண்டுபிடிக்க, நடுவில் துளையிட்ட அட்டையை இடைத்தண்டில் செங்குத்தாகச் செருகினோம். மூலைமட்டத்தால் செங்குத்தைச் சரிபார்த்தோம். பிறகு இடைத்தண்டின் நீளவாக்கில் ஒரு கண்ணால் பார்த்து, ஸ்டியரிங் தண்டு எந்தத் திசையில் விலகிப் போகிறதோ அந்தக் கோட்டையும், பினியன் விலகிப் போகும் கோட்டையும் அட்டையில் வரைந்தோம். மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் ஒத்த தளத்திலிருந்து 40 பாகைக்கு ஓரிரு பாகை இப்பாலும் அப்பாலும் வந்தது.

இந்த 40 பாகைப் பிசகோடு கணக்குப் போட்டால், 32 பாகை ஜாயிண்ட் தனியாக இருந்தால் பினியன் எவ்வளவு முன்பின்னாகுமோ, அதாவது சுமார் 4.7 பாகை, அதே அளவுதான் இரண்டு ஜாயிண்ட் இருந்தும் வருகிறது. இரண்டாவது ஜாயிண்ட் வளைவைத் தாண்ட உதவியதே தவிர, அலையைத் தணிக்கத் துளியும் உதவவில்லை. போதாக்குறைக்கு, சக்கரம் நேராக நிற்கும் நிலை அலையின் உச்சியிலோ பள்ளத்திலோ விழாமல் சரிவில் விழுந்திருந்தது. அதனால்தான் ஒரு பக்கம் கூடுதல், மறு பக்கம் குறைவு. நேர்நிலை உச்சியிலோ பள்ளத்திலோ விழுந்திருந்தால் அலை இருந்தாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்திருக்கும். மனிதக் கை அதற்குப் பழகிவிடும்.

எதையெல்லாம் ஒதுக்கினோம்

மருமகன் முதலில் கொண்டுவந்தது ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடையில் வாங்கிய ஒரு ஜாயிண்ட். பளபளவென்று, கைக்கு அடக்கமாக இருந்தது. எந்திரங்களில் கைப்பிடியால் திருப்பும் தண்டுகளுக்குப் போடுவது. கப்பலில் நான் நூற்றுக்கணக்கில் பூட்டியது. உள்ளே ஊசி பேரிங் கிடையாது, இரும்பு முளை இரும்புத் துளையில் உராய்ந்து சுற்றும். தூசு மூடி கிடையாது. இரண்டு கையிலும் பிடித்து முறுக்கினால் புதிதிலேயே நூலிழை ஆட்டம் தெரிந்தது.

“விலை நாலில் ஒரு பங்குதான் மாமா.”

“மாப்பிள்ளை, வால்வில் இது உடைந்தால் நான் படி இறங்கிப் போய்க் கையால் திருப்புவேன். உன் வண்டியில் உடைந்தால் எங்கே இறங்குவாய்?” என்று கேட்டேன். அதை எடுத்துத் தன் கருவிப் பெட்டியில் போட்டுக்கொண்டான்.

ஒரு கணக்கை அவனுக்கு எழுதிக் காட்டினேன். ஸ்டியரிங் வீல் 350 மி.மீ. விட்டம். நின்ற வண்டியில் இரண்டு கையாலும் கைக்கு 20 கிலோ எடை அளவுக்கு, அதாவது சுமார் 200 நியூட்டன் விசையில் இழுத்தால் தண்டில் 70 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 32 பாகை வளைவில் அதோடு கூட 44 நியூட்டன் மீட்டர் வரை தண்டை வளைக்கப் பார்க்கும் விசையும் எழுகிறது. அந்த விசை ஸ்டியரிங் தண்டின் அடிமுனை பேரிங்கில் போய் விழும். எங்கள் வண்டியில் அங்கே இருந்தது ஒரு பிளாஸ்டிக் புஷ், அதாவது தண்டு உள்ளே சுழலும் வெறும் வளையம். ஜாயிண்ட்டைப் பற்றி மட்டும் யோசிப்பவர்கள் தவறவிடும் இடம் இது. கோணம் கூடக்கூட, ஜாயிண்ட்டுக்கு அடுத்திருக்கும் தாங்கியும் வலுவாக இருக்க வேண்டும். அது ஜாயிண்ட்டுக்கு அருகிலேயே இருக்கவும் வேண்டும்.

மூன்று ஜாயிண்ட் போட்டுக் கோணங்களைப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான், பல வண்டிகளில் செய்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு ஜாயிண்ட் இருக்கும் வரைதான் இடைத்தண்டு தானாக நிற்கும். மூன்றாவது வந்துவிட்டால் நடுவில் இரண்டு தண்டுகள் பிடிமானமின்றித் தொங்கும். திருப்பினால் அவை சுழலுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் மடங்கும். ஆகவே ஒரு தண்டைச் சட்டத்தோடு ராட் எண்டு பேரிங் (திருகுமுனையுள்ள வளையத் தாங்கி) வைத்துக் கட்டாயம் தாங்க வேண்டும். அந்தத் தாங்கியைப் பற்றவைக்க எங்களுக்குக் கிடைத்த ஒரே குழாய் மேனிஃபோல்டுக்கு இரண்டு விரல் தள்ளி இருந்தது. சூட்டில் அந்தப் பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இரட்டை ஜாயிண்ட், அதாவது நடுக்கட்டையோடு இரண்டு ஜாயிண்ட் ஒட்டிப் பிறந்த வகை, பெரிய கோணங்களுக்கு உதவும். நமக்கு 35க்கு மேல் தேவையே இல்லாதபோது அந்த நீளமும் கூடுதல் மூட்டுகளும் வீண். ரப்பர் கப்ளிங் அதிர்வை விழுங்கும். ஆனால் சிறு கோணத்துக்கு மேல் தாங்காது, இங்கே சூடு வேறு.

இடைத்தண்டை அறுத்து, 40 பாகை திருப்பி, மறுபடி பற்றவைத்துவிடலாம் என்று பட்டறைக்கு வந்த ஒருவர் சொன்னார். பத்து நிமிட வேலை. நான் அதை ஏற்கவில்லை. ஸ்டியரிங் தண்டில் பற்றவைப்பு என்றால் அதை வெட்டிச் சோதிக்காமல் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. சோதித்தால் தண்டு போய்விடும். ஜாயிண்ட்டுக்கு அருகில் வைத்தால் ஊசி பேரிங்கின் கிரீஸும் மூடியும் வெந்துவிடும். தகுதி பெற்ற வெல்டர், எக்ஸ்-கதிர்ச் சோதனை என்று முறையாகச் செய்பவர்கள் செய்யட்டும். பின்கட்டில் செய்யும் வேலை இதுவன்று.

பத்துப் பத்துப் பாகையாக

டபுள்-டி தண்டின் குணம் இங்கே பிடிபட்டது. இரண்டு தட்டைப் பக்கம் மட்டுமே இருப்பதால் கவையை அதில் இரண்டு நிலையில்தான் ஏற்ற முடியும்: நேராக, அல்லது அரைச் சுற்றுத் திருப்பி. ஜாயிண்ட்டுக்கு இரண்டும் ஒன்றே. அதாவது டபுள்-டி தண்டில் கவைகளின் ஒத்தநிலையைத் தொழிற்சாலையே முடிவு செய்துவிட்டது, நமக்கு மாற்றும் உரிமை இல்லை. ஒரே தளத்தில் போகும் தண்டுக்கு அது பெரிய வசதி, தவறாகப் பூட்டவே முடியாது. எங்கள் வண்டிக்கு அதுவே முட்டுக்கட்டை.

ஸ்ப்ளைன் என்னும் பல்வரித் தண்டில் அந்தக் கட்டில்லை. 36 பல் என்றால் ஒரு பல்லுக்குப் பத்துப் பாகை. 40 பாகை வேண்டுமா, நான்கு பல் தள்ளி ஏற்றினால் முடிந்தது. ஆகவே இடைத்தண்டின் ஒரு முனையாவது ஸ்ப்ளைனாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். இந்த ஒரு முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்தது.

இறுதியில் வாங்கியது இது. மேல் பாதி, உள்ளே டபுள்-டி துளையுள்ள ஓர் அங்குலக் குழாய்த்தண்டு. கீழ் பாதி, அதனுள் நழுவிப் போகும் முக்கால் அங்குலத் தண்டு. அதன் மேல்முனை டபுள்-டி, கீழ்முனை 36 பல் ஸ்ப்ளைன். ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இந்த அமைப்பு நீளத்தைச் சரிசெய்ய மட்டும் வைத்ததன்று. முன்னால் மோதினால் ரேக் பின்னோக்கி வரும். நேரான முழுத்தண்டு இருந்தால் அது ஸ்டியரிங் வீலை ஓட்டுபவர் மார்புக்குத் தள்ளிவிடும். தொழிற்சாலைக் கார்களுக்கான ஐ.நா. 12ஆம் ஒழுங்குமுறை, மணிக்கு 48.3 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதும் சோதனையில் ஸ்டியரிங் தண்டின் மேல்முனை 127 மி.மீ.க்கு மேல் பின்னால் நகரக்கூடாது என்கிறது. நாங்கள் அந்தச் சோதனையைச் செய்ய முடியாது. நழுவுவதற்கு இடம் விட முடியும், 80 மி.மீ. விட்டோம். இரண்டு வளைவுகள் இருப்பதும் இந்த வகையில் நல்லதே, தண்டு ஈட்டிபோலக் குத்தாமல் மடங்கும்.

இரண்டு ஜாயிண்ட்டுமே ஊசி பேரிங் வைத்து மூடிய வகை. ஸ்டெயின்லெஸ் வாங்கலாமா, முலாம் பூசிய எஃகு போதுமா என்று கொஞ்சம் விவாதம் நடந்தது. இந்த ஊர் ஈரத்தில் வெறும் எஃகை எண்ணெய் தடவாமல் வைத்தால் சில நாளில் செம்மண் நிறம் கட்டிவிடும். பட்டறையின் பின்பக்கம் திறந்தவெளி, மழைச்சாரல் உள்ளே வரும். கீழ் ஜாயிண்ட் தரைக்கு அருகில் என்பதால் அதை ஸ்டெயின்லெஸ்ஸாகவும், மேலே உள்ளதை முலாம் பூசியதாகவும் எடுத்தோம்.

பினியனின் பற்களை எண்ணியது ஒரு தனி வேலை. ரேக் தனியாக வாங்கியது, தாள் எதுவும் வரவில்லை. வெர்னியரில் வெளிவிட்டம் 14.3 மி.மீ., அதாவது 9/16 அங்குலம். பற்களை அவன் எண்ணி 25 என்றான், நான் எண்ணி 26 என்றேன். என் தங்கையின் நகப்பூச்சால் ஒரு பல்லில் சிவப்புப் புள்ளி வைத்து, தீக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு மறுபடி எண்ணினோம். 26. விட்டம் ஒன்றாக இருந்தாலும் பல் எண்ணிக்கை மாறும். முக்கால் அங்குலத்திலேயே 30 பல்லும் உண்டு, 36 பல்லும் உண்டு. பொருந்தாததைத் தட்டி ஏற்றினால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அதுதான் ஆபத்து.

கோணங்களையும் சமப்படுத்தினோம். ஸ்டியரிங் தண்டின் அடித்தாங்கியை வெளிப்பக்கமாக நகர்த்திப் புதுத் தகடு வைத்ததில் மேல் கோணம் 28 பாகைக்கு இறங்கியது, கீழ்க்கோணம் 24க்கு ஏறியது. பிளாஸ்டிக் புஷ் போய் உருளை பேரிங் வந்தது. லேத் பட்டறை அண்ணன் அதன் கூட்டைக் கடைந்து தரும்போது, “ஏன் தம்பி, இவ்வளவு பெரிய பேரிங் எதற்கு?” என்று கேட்டார். 44 நியூட்டன் மீட்டர் கணக்கைச் சொன்னோம். கேட்டுவிட்டுக் கூட்டின் சுவரை இன்னும் இரண்டு மி.மீ. தடிமனாக விட்டுக் கொடுத்தார்.

பூட்டிய அன்று

நான்கு பல் தள்ள வேண்டும் என்று தெரியும். எந்தப் பக்கம் என்பதில் முதல்முறை பிசகிவிட்டோம். எதிர்ப்பக்கம் நான்கு பல் தள்ளிப் பூட்டி, அட்டை வட்டங்களை ஒட்டிப் பார்த்தால் பினியன் முன்னும் பின்னும் ஆறு ஆறு பாகை ஆடியது. பழைய நிலையைவிட மோசம். எதிர்ப்பக்கம் போனதால் பிசகு 40 பாகைக்குப் பதிலாக 80 ஆகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் தவறாமல் செய்யும் வழியைப் பிடித்தோம். இடைத்தண்டைச் சுற்றி, அதன் மேல்முனைக் கவையின் இரு காதுகளும் மேல் தளத்தில் படுக்கும்படி நிறுத்த வேண்டும். அதாவது ஸ்டியரிங் தண்டும் இடைத்தண்டும் சேர்ந்து அமைக்கும் தளத்தில். தண்டை அப்படியே பிடித்துக்கொண்டு, கீழ்முனைக் கவையின் காதுகள் கீழ்த் தளத்தில், அதாவது இடைத்தண்டும் பினியனும் அமைக்கும் தளத்தில் படுக்கும்படி ஸ்ப்ளைனில் ஏற்ற வேண்டும். வலமா இடமா என்று மனத்தில் கணக்குப் போடவே தேவையில்லை, கண்ணுக்குத் தெரியும். இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு மாலை மிச்சமாகியிருக்கும்.

பிறகு நேர்நிலை. சக்கரங்களை நேராக வைத்து, பினியனில் கீழ் ஜாயிண்ட்டை ஒவ்வொரு பல்லாக மாற்றி ஏற்றிப் பார்த்து, அலையின் மெதுவான புள்ளி நேர்நிலையில் விழும் பல்லைத் தேர்ந்தோம். 26 பல் என்பதால் ஒரு பல்லுக்கு 14 பாகைக்குச் சற்றுக் குறைவு. துல்லியமாக வராது, கிட்டத்தில் வரும். ஸ்டியரிங் வீலை அதன் சொந்த ஸ்ப்ளைனில் கழற்றி நேராக்கிக்கொண்டோம்.

இன்னொரு சிறு விஷயம் எங்களைக் காப்பாற்றியது. கீழ் ஜாயிண்ட்டைப் பூட்டி முழுக்கத் திருப்பியபோது ஓரிடத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கையில் மிக மெல்லிய தடை. டார்ச் அடித்துப் பார்த்தால் இடைத்தண்டின் முனை கவையைத் தாண்டி மூன்று மி.மீ. உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. வளைந்து சுற்றும்போது நடுவிலுள்ள சிலுவைத் துண்டில் உரசியது. பளபளப்பான சிலுவையில் நகக்கீறல்போல ஒரு கோடு விழுந்திருந்தது. தண்டைக் கழற்றி அரத்தால் தேய்த்து, முனை கவையின் உட்சுவரோடு மட்டமாக நிற்கும்படி செய்தோம்.

இறுக்கும் முறையில் நான் கண்டிப்பாக இருந்தேன். பினியன் பக்கம் குறுக்கே போகும் இறுக்கு போல்ட்; அது பினியன் தண்டில் வெட்டிய பள்ளத்தின் வழியே போவதால், நட்டு தளர்ந்தாலும் போல்ட் விழாத வரை ஜாயிண்ட் உருவிக்கொண்டு வராது. மற்ற முனைகளில் செட் ஸ்குரூ, அதாவது பக்கவாட்டிலிருந்து தண்டை அழுத்திப் பிடிக்கும் சிறு திருகு. அவற்றைத் தண்டின் மேல் சும்மா இறுக்கிவிடக் கூடாது. முதலில் இறுக்கி அடையாளம் பதித்து, கழற்றி, அடையாளத்தில் துளைக்கருவியால் சிறு குழி போட்டு, லாக்டைட் பசையோடு மறுபடி இறுக்கி, மேலே பூட்டு நட்டையும் போட்டோம். மேனிஃபோல்டுக்கும் இடைத்தண்டுக்கும் நடுவே அலுமினியத் தகட்டை மறைப்பாக வைத்தோம். இன்ஜின் தன் ரப்பர் தாங்கிகளில் ஆடும்போதும் உரசாதபடி இருபது மி.மீ. இடைவெளி. கடைசியாக ஒவ்வொரு இணைப்பிலும் ஜாயிண்ட்டையும் தண்டையும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தோம். எது நழுவினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும்.

அட்டை வட்டங்கள் கடைசி முறையாக. வலம் 45க்கு 44. இடம் 45க்கு 44. வலம் 90க்கு 90. இடம் 90க்கு 90. மருமகன் கீழே படுத்திருந்தான், இந்த முறை நான் திருப்பினேன். ஒவ்வொரு எண்ணையும் அவன் உரக்கச் சொன்னான்.

கோணங்கள் 28, 24 என்று நான்கு பாகை வேறுபடுவதால் அந்த ஒரு பாகை எஞ்சி நிற்கிறது. மேல் கோணத்தை இன்னும் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருக்கிறது. பிரேக் பெடல் இடம் விடவில்லை. கண்ணை மூடித் திருப்பிப் பார்த்தேன், அலை கைக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அதே முற்றத்தில் இடப்பக்கம் பத்து வட்டம், வலப்பக்கம் பத்து வட்டம் போட்டான். தரையில் டயர் விட்ட ஈரத்தடங்கள் இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் இருந்தன, நாடாவால் அளந்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் பானெட்டைத் திறந்து வெள்ளைக் கோடுகளைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மூன்று மாதம் ஆகிறது. கோடு எதுவும் முறியவில்லை. போன வாரம் வெப்பத் தகட்டின் ஒரு திருகு மட்டும் தளர்ந்திருந்தது. அதை மாற்றி, அதன் மேலும் ஒரு கோடு போட்டான்.